நெடுந்தீவுக் குதிரைப் பந்தி

தூத்துக்குடி என்றால் முத்து. முத்து என்றால் கொற்கை. இது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. பாண்டி நாட்டு முத்து எந்தெந்த நாடுகளுக்குச் சென்றது, எந்தெந்த அரசியரின் கழுத்தை அணிசெய்தது என்பதையெல்லாம் நாம் ஆர்வத்தோடு படிக்கிறோம். ஆனால் முத்தை ஏற்றிச் செல்ல வந்த மரக்கலங்கள் வெறுமையாக வந்தனவா? எதை இங்கே இறக்கிவிட்டு முத்தை அவை ஏற்றிக்கொண்டு சென்றன? இந்த வினாவைக் கேட்பவர் சிலரே. இதற்கு விடையாகச் சொல்லத்தக்க பண்டங்கள் பல உண்டு. அவற்றுள் தலையாயது ஒன்று. அது உயிருள்ள பண்டம். அதுதான் குதிரை.

குதிரை இறங்கிய கரையைப் பற்றியும், பிற்காலத்தில் குதிரை வளர்ப்பதற்கென்றே அமைந்த ஒரு தீவைப் பற்றியும், அந்த வளர்ப்பிடம் காலப்போக்கில் அடைந்த மாறுதல்களைப் பற்றியும் இன்று பேச எண்ணுகிறேன். தீவின் பெயர் நெடுந்தீவு. அது பாக்கு நீரிணையில், யாழ்ப்பாணத்தைச் சார்ந்த பெரிய தீவுகளுள் ஒன்று. நான் முத்துக்குளித்துறைக் கரையில் பிறந்து வளர்ந்தவன். பழையகாயலின் உப்பளங்களின் ஊடே நடந்திருக்கிறேன். நெடுந்தீவின் கல்மதில்களையும் கண்டிருக்கிறேன். இரண்டையும் கண்டபின் இவை ஒரே கதையின் இரு பகுதிகள் என்று எனக்குத் தோன்றிற்று.

முதலில் நம் நாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். ஐயனார் கோயில்தோறும் சுதையாலும் மண்ணாலும் ஆன குதிரைகள் நிற்கின்றன. ஆவுடையார்கோயில் மண்டபத்தில் கல்லிலே குதிரைகள் பாய்கின்றன. சிற்பத்தில் இத்துணைக் குதிரைகள் உள்ள நாட்டில், மண்ணில் பிறந்த நல்ல குதிரைகள் எத்துணை? மிகச் சிலவே. காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல்வழியாக வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் என்னும் வணிகர் காணப்படுகின்றனர். குதிரையை விற்பதற்கென்றே ஒரு வணிகர் வகுப்பு இருந்தது என்றால், அதை வாங்கவேண்டிய தேவை ஓயாமல் இருந்தது என்பது பொருள்.

மாணிக்கவாசகர் வரலாற்றை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பாண்டியன் தன் அமைச்சரிடம் பெரும்பொருள் கொடுத்துக் கடற்கரைக்கு அனுப்புகிறான். எதற்காக? கப்பலில் வந்து இறங்கும் குதிரைகளை வாங்கிவருவதற்காக. அமைச்சரோ அப்பொருளைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டுவிடுகிறார். அதன் பின்னரே நரி பரியான திருவிளையாடல் நிகழ்கிறது. பத்திச் சுவைக்காக நாம் போற்றும் இக்கதையில் ஒரு பொருளாதாரச் செய்தியும் பொதிந்திருக்கிறது. மதுரை அரசன் குதிரை வேண்டினால் தன் நாட்டுக் கொட்டிலை நோக்குவதில்லை, கடற்கரையை நோக்குகிறான். கதை கேட்ட மக்களுக்கு அது வியப்பாகவும் இல்லை. குதிரை என்பது கடல்வழி வரும் பொருள் என்பதை அவர்கள் இயல்பாகவே அறிந்திருந்தனர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ பாண்டி நாட்டுக்கு வந்தார். தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்தில் அப்போது காயல் என்னும் துறைமுகம் பெருஞ்சிறப்புடன் விளங்கியது. ஓர்முசு, கீசு, ஏடன் முதலிய மேலைத் துறைகளிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றிவரும் கப்பல்களெல்லாம் காயலிலே வந்து தங்கும் என்று அவர் எழுதுகிறார். பாண்டிய அரசர் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் அவர் கூறுகிறார்.

பாரசீக வரலாற்றாசிரியராகிய வஸ்ஸாப் தரும் கணக்கு இதைவிடப் பெரியது. கீசுத் தீவின் தலைவரான மாலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் பாண்டியரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அவருடைய சொந்தப் பண்ணைகளிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் வரவேண்டும். பாரசீக வளைகுடாவின் பிற துறைகளிலிருந்து வருவனவற்றையும் சேர்த்தால் ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். ஆக, ஆண்டுக்கு 22 இலட்சம் தீனார். வழியிலே கடலில் மாண்ட குதிரைகளுக்கும் விலை உண்டு என்பது ஒப்பந்தம். ஜமாலுத்தீனின் உடன்பிறந்தாராகிய தகியுத்தீன் பாண்டியரின் அமைச்சராக இருந்து காயல் முதலிய துறைகளைக் கவனித்துவந்தார். விற்பவர் அண்ணன், வாங்கும் அரசின் அலுவலர் தம்பி. இத்தகைய வணிகத்தில் யாருக்கு ஊதியம் மிகும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

எழுத்தாளர் கூறும் எண்களை அப்படியே ஏற்கவேண்டும் என்பதில்லை. அயல்நாட்டார் பெருக்கிக் கூறுவதும் உண்டு. எனினும் இருவரும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றனர். இங்கே குதிரை வந்தது, வாழவில்லை. ஏன் வாழவில்லை? மார்க்கோ போலோ காரணம் கூறுகிறார். குதிரைகளுக்கு இறைச்சி கலந்த சோற்றை ஊட்டினார்கள். லாடம் கட்டத் தெரிந்தவரும் நோய் தீர்க்கத் தெரிந்தவரும் நாட்டில் இல்லை. விற்க வந்த வணிகர் அத்தகைய தொழிலாளரை உடன் அழைத்துவரவும் இல்லை. பிறர் அழைத்துவர விடவும் இல்லை. குதிரைகள் விரைவில் மடிந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும்?

குதிரையின் இயல்பைச் சிறிது அறிந்தால் இது நன்கு விளங்கும். மாட்டைப்போல் அசைபோடும் விலங்கன்று குதிரை. அதற்கு இரைப்பை ஒன்றே, அதுவும் சிறியது. ஆகவே நாளின் பெரும்பகுதியில் அது சிறிது சிறிதாகப் புல்லை மேய்ந்துகொண்டே இருக்கவேண்டும். ஒரு நாளைக்கு இருபத்தைந்து முதல் நாற்பது லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். ஈரம் ஊறிய வயல்மண் அதன் குளம்புக்கு ஆகாது. உலர்ந்த, கெட்டியான தரை வேண்டும். பெட்டைக் குதிரை பதினோரு மாதம் சுமந்து ஒரே குட்டியை ஈனும். அக்குட்டி வளர்ந்து போர்வீரனைச் சுமக்க நான்கு ஆண்டுகளாவது ஆகும். நெல் விளையும் ஆற்றங்கரை நாட்டில், ஒவ்வொரு சாண் நிலமும் உழவுக்கு வேண்டப்படும்போது, பல்லாயிரம் குதிரைக்கு மேய்ச்சல் நிலம் விடுவதற்கு எவர் முன்வருவர்? வாங்குவது எளிது, வளர்ப்பது அரிது. எனவே பாண்டியர் வாங்கினர். முத்துப் படுகையின் செல்வத்துள் ஒரு பெரும்பகுதி இவ்வாறு ஆண்டுதோறும் நான்கு காலில் நடந்து மறைந்தது.

காயலின் கதி என்ன ஆயிற்று? தாமிரபரணி ஆண்டுதோறும் கொணர்ந்து கொட்டிய வண்டல் துறையைத் தூர்த்தது. கொற்கையை விட்டு முன்னர் விலகிய கடல், காயலை விட்டும் விலகிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல் அங்கே ஆராய்ந்தபோது, சீனத்துப் பீங்கான் ஓடுகளும் அராபியப் பானை ஓடுகளும் நெடுந்தொலைவுக்குச் சிதறிக் கிடப்பதைக் கண்டார். இன்று பழையகாயலில் வாழைத் தோட்டங்களும் உப்பளங்களும் இருக்கின்றன. அவற்றோடு அணுசக்தித் துறையின் சிர்க்கோனியத் தொழிற்கூடமும் இருக்கிறது. அணு உலை எரிபொருளுக்கு உறையாகும் உலோகம் அங்கே ஆக்கப்படுகிறது. குதிரை இறங்கிய மண்ணில் வாழை விளைந்தது, உப்பு விளைந்தது, இப்போது உலோகம் உருவாகிறது. ஓர் இடம் ஒரே பயனோடு என்றும் நிற்பதில்லை என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று இது.

இனி நெடுந்தீவுக்குச் செல்வோம். 1619-ஆம் ஆண்டில் போர்த்துகேசியர் யாழ்ப்பாண அரசைத் தம் ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்தனர். தூத்துக்குடிக் கரையில் அவர்கள் அதற்கு முன்பே, பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே கால்கொண்டிருந்தனர். 1658-இல் ஒல்லாந்தர் இரண்டு கரைகளையும் அவர்களிடமிருந்து பறித்தனர். அக்காலத்தில் தூத்துக்குடியில் இருந்த ஒல்லாந்தரின் வணிகநிலையம் கொழும்பில் இருந்த ஆட்சியாளரின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. நமக்கும் யாழ்ப்பாணத் தீவுகளுக்கும் அப்போது தலைமை ஒன்றே. ஒல்லாந்தர் தம் தாய்நாட்டு ஊர்களின் பெயர்களை இத்தீவுகளுக்கு இட்டனர். வேலணைக்கு லெய்டன் என்றும், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்றும், நெடுந்தீவுக்கு டெல்ப்ட் என்றும் பெயர் வைத்தனர். மற்றப் பெயர்கள் மறைந்தன. டெல்ப்ட் என்பது மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்திருக்கிறது. தமிழ் மக்களுக்கு அது என்றும் நெடுந்தீவே. பசுத்தீவு என்ற பழம்பெயரும் அதற்கு உண்டு. மேய்ச்சலுக்கு ஏற்ற நிலம் என்பதை அப்பெயரே காட்டிவிடுகிறது.

இத்தீவில் குதிரையைக் கொண்டுவந்து விட்டவர் போர்த்துகேசியர் என்பர். அதை முறையாக வளர்ப்புத் தொழிலாக்கியவர் ஒல்லாந்தர். அவர்கள் ஏன் இத்தீவைத் தேர்ந்தனர்? காரணத்தை எண்ணிப் பார்ப்பது உங்களுக்கு நல்ல பயிற்சியாகும். நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். மலையில்லை, ஆறில்லை, அடர்ந்த காடில்லை. சுண்ணாம்புப் பாறையின்மேல் மெல்லிய மண்போர்வை, அதன்மேல் புல்வெளி. தரை உலர்ந்தது, குளம்புக்கு உகந்தது. குதிரையைக் கொல்லும் பெருவிலங்கு இல்லை. நெல் வயல் மிகுதியாக இல்லாமையால் உழவரோடு நிலத்துக்குப் போட்டி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலி கட்டவேண்டிய தேவை இல்லை, கடலே வேலி. குதிரை நீந்தித் தப்பிப் போகாது. கள்வர் எளிதில் ஓட்டிச் செல்லவும் இயலாது. காயலில் பாண்டியருக்கு இல்லாத வசதிகளெல்லாம் இத்தீவில் ஒன்றுகூடின.

குறைபாடு ஒன்றே, அது தண்ணீர். ஆறில்லாத சுண்ணாம்புத் தீவில் மழைநீர் பாறைக்கு அடியில் இறங்கி, உப்புநீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். அளவோடு இறைத்தால் இனிய நீர். மிகையாக இறைத்தால் கீழுள்ள உப்புநீர் மேலேறிவிடும். ஆகவே ஒரே கிணற்றை ஆழமாகத் தோண்டுவதைவிட, ஆழமில்லாத பல கிணறுகளை அருகருகே தோண்டிச் சிறிது சிறிதாக இறைப்பதே அறிவுடைமை. சாறாப்பிட்டி என்னுமிடத்தில் அத்தகைய பழைய நன்னீர்க் கிணறுகள் கூட்டமாக இருக்கின்றன. அவற்றின் அருகே நின்றபோது, அரண்மனைகளையும் கோட்டைகளையும் வியக்கும் நாம் இத்தகைய சிறு கிணறுகளை வியக்காமல் போவதேன் என்று எண்ணினேன். கோட்டை இடிந்துவிட்டது, கிணறு இன்றும் நீர் தருகிறது.

இப்போது குதிரைப் பந்தி இருந்த இடத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து தரைவழியே குறிகட்டுவான் துறைக்கு வந்து, அங்கிருந்து படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவை அடையலாம். தீவுக்குள் நடக்கும்போது முதலில் கண்ணைக் கவர்வன மதில்கள். கடற்பாறைக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்து இன்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய மதில்கள் அவை. வீட்டுக்கு எல்லை, தோட்டத்துக்கு எல்லை, தெருவுக்கு எல்லை எல்லாம் அக்கற்களே. குதிரையும் மாடும் திரியும் ஊரில் வேலி இல்லாமல் கீரைப்பாத்தி போட இயலுமா? ஆகவே விலங்கை உள்ளே அடைப்பதைக் காட்டிலும், தன் பயிரைச் சுற்றி அடைத்துக்கொள்வதே அங்கு வழக்கமாயிற்று.

பந்தியில் இன்று எஞ்சியிருப்பவை வரிசையாக நிற்கும் கற்றூண்கள். கூரை இல்லை. இந்தக் கடற்கரை நாடு முழுவதிலும், அக்கரையாயினும் இக்கரையாயினும், எளிய கட்டடங்களுக்குக் கிடைக்கும் மரம் பனை ஒன்றே. வயிரம் பாய்ந்த முதுபனையைப் பிளந்து உத்திரமும் கையும் செய்வர். மேலே ஓலை வேய்வர். பனைமரம் உப்புக் காற்றை நெடுங்காலம் தாங்கும். ஓலையையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றுபவர் இருக்கும்வரை கூரை இருக்கும். மாற்றுபவர் போனால் ஓலை போகும். ஓலை போனால் மழையில் நனைந்து மரமும் போகும். கல் மட்டும் நிற்கும். பழைய கட்டடத்தின் கல்லை மட்டும் கண்டு, அது கல்லாலேயே ஆனது என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அதன் உயிர் மரத்திலும் ஓலையிலும், அவற்றைப் புதுப்பித்த கைகளிலுமே இருந்தது.

1795-இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. குதிரை வளர்ப்பு உடனே நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி தீவில் தங்கி அதை மேற்பார்த்து வந்தார். ஆயினும் பின்னர் அது கைவிடப்பட்டது. காலமும் மாறிவிட்டது. ஆங்கிலேயரின் தேவை பெரிது, தீவோ சிறிது. சென்னை மாகாணத்துக் குதிரைப்படைக்காக அவர்கள் 1824-இல் ஒசூரை அடுத்த மத்திகிரியில் குதிரைப் பண்ணை ஒன்றை நிறுவினர். கடல்மட்டத்துக்கு மிக உயர்ந்த, தட்பமான, பரந்த மேட்டு நிலம் அது. பரப்பு 1,600 ஏக்கருக்கு மேல். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் சென்னைக்கு வந்தன. அவற்றுக்கு வேலர் என்ற பெயரே வழங்கிற்று. மீண்டும் பழைய கதைதான்! குதிரை கடலிலிருந்தே வந்தது. துறையும் திசையும் மட்டும் மாறின.

மத்திகிரிப் பண்ணையின் பிற்கால வரலாறு நெடுந்தீவின் வரலாற்றுக்கு நேர்மாறானது. மோட்டார் வண்டி வந்தது. படைக்குக் குதிரை வேண்டாததாயிற்று. ஆனால் பண்ணை வெறுமையாகக் கிடக்கவில்லை. குதிரை நின்ற கொட்டிலில் மாடு நின்றது, ஆடு வந்தது, கோழி வந்தது. இன்று அது தமிழ்நாட்டு அரசின் கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. கோழி வளர்ப்புக் கல்வி கற்பிக்கும் கல்லூரியும் மத்திகிரியில் நடைபெறுகிறது. பயன் மாறியது, பராமரிப்பு மாறவில்லை. ஓலை மாற்றும் கை இருந்தமையால் கூரை நிலைத்தது என்று சொல்லலாம்.

நெடுந்தீவில் நேர்ந்தது வேறு. அங்கே வளர்ப்புத் தொழில் நின்றது. காவலர் போயினர், கணக்கர் போயினர், குதிரைகள் போகவில்லை. அவற்றை எவரும் கொண்டுசெல்லவில்லை. அவை தாமே மேய்ந்தன, தாமே ஈன்றன, தலைமுறை தலைமுறையாகக் கட்டின்றித் திரிந்தன. இன்று நெடுந்தீவின் தென்பகுதிப் புல்வெளியில் கூட்டங்கூட்டமாக மேயும் மட்டக்குதிரைகள் அவற்றின் வழிவந்தவையே. ஒரு பேரரசு தன் கணக்கேட்டை மூடியபோது அதில் எழுதாமல் விட்டுப்போன இருப்பு இவை என்று கூறலாம்.

நம் தமிழ்நாட்டிலும் இதை ஒத்த காட்சி உண்டு. கோடியக்கரைக் காட்டில் கட்டின்றித் திரியும் மட்டக்குதிரைகளை உங்களுள் சிலர் பார்த்திருக்கலாம். அவையும் ஒருகாலத்தில் மனிதரிடம் வளர்ந்து பின்னர்க் காட்டுக்கு உரியவையானவையே. 1967-இல் கோடியக்கரை வனவிலங்குக் காப்பிடமாயிற்று. காப்பிடத்தின் சிறப்புக்கு உரியது வெளிமான். வெளிமானும் புல்லை மேய்கிறது. குதிரையும் புல்லை மேய்கிறது. சீமைக் கருவேலம் பரவியதால் புல்வெளியோ சுருங்கிவிட்டது. இந்நிலையில் யாருக்கு முதலுரிமை? மண்ணுக்கு உரிய மானுக்கா? மனிதன் கொண்டுவந்து விட்ட குதிரைக்கா? இது எளிதில் தீரும் வழக்கன்று.

நெடுந்தீவில் வழக்கு இன்னும் கடுமையானது. அங்கே மனிதரும் ஒரு கட்சியாக இருக்கின்றனர். கோடையில் தீவு முழுதும் காய்ந்துவிடும். குடிநீருக்கு மக்களே அல்லற்படும் காலத்தில் குதிரைக்கு நீர் ஊற்றுவது யார்? மழை பொய்த்த ஆண்டுகளில் நீர்நிலை வற்றிக் குதிரைகள் மாண்டதுண்டு. 2015-இல் இலங்கை அரசு தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அதன் பரப்பு 1,800 ஹெக்டேருக்கு மேற்பட்டது. அறிவித்தது நன்று. ஆயினும் அறிவிப்புப் பலகை தாகம் தீர்க்காது. மேய்ச்சல் நிலத்தை நம்பி மாடு வளர்க்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. குதிரைக்கு ஒதுக்கிய நிலம் மாட்டுக்குக் குறைகிறது; மாட்டுக்கு விட்ட நீர் குதிரைக்குக் குறைகிறது. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு.

அப்படியானால் நாம் எந்த முடிவுக்கு வருவது? என் கருத்தை உங்கள்முன் வைக்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. ஓர் உயிரை அதன் இயல்பான இடத்திலிருந்து பெயர்த்துத் தன் பயனுக்காக ஓரிடத்தில் குடியேற்றியவன், பயன் முடிந்தவுடன் கடமையும் முடிந்தது என்று கைகழுவ இயலாது. பயனுக்கு முடிவு உண்டு. கடமைக்கு அத்துணை விரைவில் முடிவு இல்லை. குடியேற்றியவர்கள் இன்று இல்லை. அந்தக் கடமை நிலத்தோடு சேர்ந்து, நிலத்தை இன்று ஆள்பவரிடம் வந்து நிற்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பு முழுவதையும் தீவின் ஏழை மக்கள் தலையில் சுமத்துவது முறையன்று. சாறாப்பிட்டிக் கிணறுகளை வெட்டியவர் கற்பித்த பாடத்தைப் பின்பற்றி, சிறு சிறு நீர்நிலைகளைப் புல்வெளியில் அமைத்து, மழைநீரைத் தேக்கி, மக்கள் கிணற்றையும் விலங்கின் குளத்தையும் வேறாக்கினால் வழக்கின் பாதி தீரும். எஞ்சிய பாதிக்கு, எத்தனை குதிரையை அந்நிலம் தாங்கும் என்று ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் நிலையான ஏற்பாடு வேண்டும்.

இது அயல்நாட்டுத் தீவின் செய்தி, நமக்கென்ன என்று எண்ணாதீர்கள். நம் வாயிலிலேயே இதே வினா நிற்கிறது. தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்ததோடு நின்றது. அதன் பின் நடைபெறவில்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். முத்துப் படுகை ஆராய்ச்சிக் களமாக மாறியது. நம் கரையை அடுத்த தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளைப் பல்லாண்டுக் காலம் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினோம். 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆனால் அதற்குள் தீவுகளின் அரண் மெலிந்துவிட்டது. விலாங்குசல்லித் தீவு கடலுள் மூழ்கிவிட்டது. வான் தீவைக் காக்கச் சிமெண்டுக் கட்டமைப்புகளைக் கடலில் இறக்கிச் செயற்கைப் பாறை அமைக்கவேண்டியதாயிற்று. எடுத்தபோது எளிதாக எடுத்தோம். திருப்பித் தரும்போது அரும்பாடு படுகிறோம். கடலின் அடியில் இருந்த அந்தப் பாறையும், நெடுந்தீவின் குதிரையைப்போலவே, நம்மிடம் கடன் கேட்கிறது.

மாணவ நண்பர்களே! ஒவ்வோர் ஊரிலும் பயன் மாறிய இடம் ஒன்றாவது இருக்கும். பழைய பண்டகசாலை, கைவிட்ட சத்திரம், பாழடைந்த உப்புக் கிடங்கு, நீர்வற்றிய குளம் என ஏதேனும் ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கும். விடுமுறை நாளில் அங்கே சென்று பாருங்கள். நான்கு வினாக்களைக் கேளுங்கள். இதை யார், எதனால் கட்டினார்கள்? இந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள்? முதற்பயன் முடிந்தபின் இங்கே என்ன நடந்தது? இப்போது இங்கே வாழ்பவை எவை, அவற்றுக்கு யார் பொறுப்பு? முதல் மூன்று வினாக்களுக்கு ஊரில் உள்ள முதியோரும் நூல்நிலையமும் விடை தருவார்கள். கேட்டதைக் குறித்துவையுங்கள், அக்குறிப்பு உங்கள் ஊர் வரலாற்றின் ஓர் ஏடாகும். நான்காவது வினாவுக்கு மட்டும் நூலில் விடை இராது. அதற்கு விடை காணவேண்டியவர்கள் இனி ஊரை ஆளப்போகும் நீங்களே.